விளையாடப் போறதுக்கு முன்னாடி மெடிக்கல் செக்கப்: பெத்தவங்களும் கோச்சுங்களும் அடிக்கடி கேட்கிற கேள்விகள்

ஜோனல்ஸ், டிஸ்ட்ரிக்ட், முதலமைச்சர் கோப்பைன்னு சீசன் ஆரம்பிச்சதும் ஃபிட்னஸ் சர்டிபிகேட் கேட்பாங்க, உடனே எல்லாரும் தெரிஞ்ச டாக்டரைத் தேடி ஓடுவாங்க. அந்த பேப்பர்ல கையெழுத்து விழறதுக்கு முன்னாடி உண்மையிலேயே என்னென்ன பார்த்திருக்கணும்னு பெத்தவங்களுக்குத் தெரியணும், அதுக்காகத்தான் இதை எழுதுறேன். நான் டாக்டர் இல்ல, பசங்களுக்கு அத்லெட்டிக்ஸ் கோச்சிங் குடுக்கிறவன். ஸ்போர்ட்ஸ் மெடிசின் டாக்டருங்க கிட்ட கேட்டும் படிச்சும் தெரிஞ்சுக்கிட்டதைச் சொல்றேன், உங்க பிள்ளைக்கு என்ன செய்யணும்ங்கிற முடிவு அவங்களை நேர்ல பார்க்கிற டாக்டர் எடுக்க வேண்டியது.

என் பையன் தினமும் அஞ்சு கிலோமீட்டர் ஓடுறான், ஒரு ஊசி கூட போட்டதில்ல. அவனுக்கு எதுக்கு செக்கப்?

நல்லா ஓடுறவனுக்கு ஹார்ட்டும் நல்லாதான் இருக்கும்னு நாம நினைக்கிறோம், அதுலதான் பிரச்சனையே. 2003 ஜூன் 26, பிரான்ஸ்ல லியோன் நகரத்துல கான்ஃபெடரேஷன்ஸ் கோப்பை செமி ஃபைனல், கேமரூனுக்கும் கொலம்பியாவுக்கும் மேட்ச். கேமரூனோட மார்க்-விவியன் ஃபோவே, 28 வயசு, ஐரோப்பாவுல பெரிய கிளப்புகளுக்கு ஆடுனவர், 72வது நிமிஷத்துல பக்கத்துல யாருமே இல்லாம நடு மைதானத்துல சரிஞ்சு விழுந்தார், உயிர் போயிடுச்சு. அப்புறம் பார்த்தா அவருக்கு ஹைப்பர்ட்ரோஃபிக் கார்டியோமயோபதி, அதாவது இதயத் தசை காரணமே இல்லாம தடிச்சுப் போற பிறவிக் கோளாறு. இது அப்படி ஒண்ணும் அபூர்வமான வியாதி இல்ல, ஏறக்குறைய 500 பேர்ல ஒருத்தருக்கு இருக்கு.

இந்தத் தசையில செல்லுங்க ஒழுங்கா அடுக்கி இல்லாம தாறுமாறா இருக்கும், நடுநடுவுல தழும்பு மாதிரி திசு ஓடும். சும்மா உட்கார்ந்திருக்கும்போது ஒண்ணும் தெரியாது, முழு வேகத்துல ஓடி அட்ரினலின் ஏறுறப்போ இதயத்தோட மின்சார ஓட்டம் அந்த தாறுமாறான இடத்துல சிக்கி சுழல ஆரம்பிச்சுடும், இதயம் துடிக்கிறதுக்குப் பதிலா நடுங்கும், ரத்தம் மூளைக்குப் போகாது. நிறைய பேருக்கு இதுதான் முதல் அறிகுறியே. அதனாலதான் "ஒண்ணுமே இல்லையே" ங்கிற பதிலை வெச்சு நாம நிம்மதியாயிட முடியாது.

முன்கூட்டியே சிக்கினா வாழ்க்கை வேற மாதிரி போகும். இங்கிலாந்து கிரிக்கெட்டர் ஜேம்ஸ் டெய்லருக்கு 2016 ஏப்ரல்ல, 26 வயசுல, ஏஆர்விசி ங்கிற இன்னொரு இதயத் தசை நோய் இருக்குன்னு தெரிஞ்சுது. ஆட்டத்தை அன்னியோட விட்டார், ஆனா உயிரோட இருக்கார்.

சரி, ஒழுங்கான செக்கப்னா அதுல என்னென்ன இருக்கணும்?

எல்லாரும் மெஷினைத்தான் நினைக்கிறாங்க, ஆனா முதல்ல வர்றது கேள்விதான். அமெரிக்கன் ஹார்ட் அசோசியேஷன் 14 விஷயம் பார்க்கச் சொல்லுது. ஓடும்போது நெஞ்சு வலி வந்திருக்கா, காரணம் தெரியாம மயக்கம் போட்டிருக்கானா, கூட ஓடுறவங்களை விட அதிகமா மூச்சு வாங்குதா, படபடப்பு வருதா, இதயத்துல சத்தம் இருக்குன்னு எப்பவாவது யாராவது சொன்னாங்களா, பிரஷர் இருந்திருக்கா, முன்னாடி எந்த டாக்டராவது விளையாட வேணாம்னு சொல்லியிருக்காங்களா, இந்த மாதிரி. அப்புறம் குடும்பம்: 50 வயசுக்குள்ள ஹார்ட்னால யாராவது திடீர்னு போயிருக்காங்களா, பரம்பரையா வர்ற இதய நோய் யாருக்காவது இருக்கா.

நம்ம ஊர்ல இந்தக் குடும்பக் கேள்வியை அப்படியே கேட்டா "அதெல்லாம் இல்ல சார்"னுதான் பதில் வரும். நான் பெத்தவங்க கிட்ட வேற மாதிரி கேட்பேன். உங்க சொந்தத்துல நல்லா நீச்சல் தெரிஞ்ச யாராவது கிணத்துலயோ ஆத்துலயோ மூழ்கிப் போனாங்களா? ராத்திரி படுத்தவங்க காலைல எழும்பாம போனது உண்டா? சின்ன வயசுலயே காக்கா வலிப்புன்னு சொல்லி, மாத்திரை கேட்காம, ஓடும்போதோ பயந்தப்போவோ விழுந்து விழுந்து எழுந்தவங்க உண்டா? பேய் அடிச்சு செத்துட்டான்னு ஊர்ல சொன்ன சின்ன வயசு சாவு ஏதாவது? இந்தக் கேள்விக்குத்தான் பாட்டிமாருங்க யோசிச்சுப் பார்த்து "ஆமா, இவன் பெரியப்பா பையன் ஒருத்தன்..."னு ஆரம்பிப்பாங்க. லாங் க்யூடி ங்கிற, இதயத்தோட மின்சாரக் கோளாறுல ஒரு வகை, நீச்சல் அடிக்கும்போதுதான் குறிப்பா தாக்கும், அதனால நீச்சல் தெரிஞ்சவன் மூழ்குனதை விதின்னு விட்டுடாதீங்க, டாக்டர் கிட்ட சொல்லுங்க. பிறவியிலேயே காது கேட்காத பிள்ளை விளையாட வந்தா கண்டிப்பா ஈசிஜி எடுக்கணும், லாங் க்யூடியும் காது கேளாமையும் சேர்ந்து வர்ற ஒரு நோய் இருக்கு, சொந்தத்துக்குள்ள கல்யாணம் பண்ண குடும்பங்கள்ல அதுக்கு வாய்ப்பு கொஞ்சம் கூடுதல்.

அடுத்தது கை வெச்சுப் பார்க்கிறது. உட்கார வெச்சு கையில பிரஷர். தொடை இடுக்குல நாடி பார்க்கணும், அது கைநாடியை விட பலவீனமா இருந்தா இதயத்துல இருந்து கிளம்புற பெரிய ரத்தக்குழாய் ஒரு இடத்துல சுருங்கியிருக்கலாம். ஸ்டெத்தை படுத்திருக்கும்போதும் வைக்கணும், எழுந்து நிக்கும்போதும் வைக்கணும், குத்துக்கால் போட்டு உட்கார வெச்சும் கேட்கணும். நான் ஒரு தடவை கூட நின்னு பார்த்தேன், அந்த டாக்டர் பையனை குத்துக்கால் போட்டு உட்காரச் சொல்லி, ஸ்டெத்தை நெஞ்சுல வெச்சபடியே "இப்போ எழு"ன்னு சொல்லி, கண்ணை மூடிக்கிட்டுக் கேட்டார். தடிச்ச தசையால வர்ற சத்தம் நிமிர்ந்து நின்னா ஏறும், குத்துக்கால் போட்டா குறையும், சாதாரண சத்தங்கள் பெரும்பாலும் இதுக்கு நேர்மாறா நடந்துக்கும். இதுக்கு ஆகுற செலவு ரெண்டு நிமிஷம், அவ்வளவுதான்.

ரொம்ப உயரமா, கைவிரல் எல்லாம் நீள நீளமா இருக்கிற பாஸ்கெட்பால் வாலிபால் பசங்களை மார்ஃபான் நோய் இருக்கான்னு பார்க்கணும். ரெண்டு கையையும் விரிச்சு அளந்தா உயரத்தை விட நல்லா கூடுதலா வரும், கட்டைவிரலை உள்ள மடக்கி கையை மூடினா விரல் நுனி அந்தப் பக்கம் வெளிய நீட்டும். அமெரிக்க வாலிபால் நட்சத்திரம் ஃப்ளோ ஹைமன் 1986 ஜனவரியில ஜப்பான்ல மேட்ச் நடுவுல பெஞ்சுல உட்கார்ந்திருந்தப்போ சரிஞ்சு இறந்தாங்க, மார்ஃபான்னால பெருந்தமனி கிழிஞ்சுதான் அது நடந்துச்சு. உயரமா இருக்கான்னு நாமதான் தேடிப் பிடிச்சு டீம்ல சேர்க்கிறோம், அளந்து பார்க்கிற பொறுப்பும் நமக்கு இருக்கு.

நம்ம நாட்டுல கூடுதலா ஒண்ணு, ருமாட்டிக் இதய நோய். சின்ன வயசுல தொண்டை வலி, காய்ச்சல், அப்புறம் மூட்டு மூட்டா மாறி மாறி வீக்கம்னு வந்துட்டுப் போயிருந்தா, இதய வால்வு பாதிச்சிருக்கலாம். ஸ்டெத் வெச்சாலே நிறைய பேருக்குக் கண்டுபிடிச்சுடலாம். பள்ளிக்கூடங்களுக்கு ஆர்பிஎஸ்கேன்னு அரசாங்கத்தோட குழந்தைகள் உடல்நலத் திட்டத்து டீம் வந்து பிள்ளைங்களைப் பார்க்கிறாங்கல்ல, அவங்க பார்க்கிற பட்டியல்ல பிறவி இதயக் கோளாறும் இதுவும் உண்டு, அந்த டீம் வர்ற அன்னைக்கு பிள்ளையை லீவு போட வைக்காதீங்க.

தெரிஞ்ச டாக்டர் கையெழுத்து போட்டுக் குடுத்துட்டார், அது போதாதா?

பிள்ளையைப் பார்க்காமலே போட்டாரா? அப்போ போதாது. மீட்டுக்கு முந்தின நாள் ஒரு கிளினிக்ல பசங்களை வரிசையா நிக்க வெச்சு, ஸ்டெத்தை காதுல கூட மாட்டாம, பேரு வயசு மட்டும் கேட்டு சீல் குத்தினதை நான் பக்கத்துல நின்னு பார்த்திருக்கேன். டாக்டரை மட்டும் குத்தம் சொல்றதுக்கில்ல, கடைசி நாள் சாயங்காலம் ஒரு டீமையே கூட்டிட்டு வந்து நிப்பாட்டுறது நாமதானே. கோச்சுங்க, பி.டி. மாஸ்டருங்க எல்லாரும் இதைப் படிச்சா ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கிறேன், சீசனுக்கு ஆறு வாரம் முன்னாடியே செக்கப்பை வெச்சுடுங்க. ஏதாவது சந்தேகம் வந்தா அடுத்த டெஸ்ட் எடுக்க, காயம் இருந்தா சரி பண்ண நேரம் இருக்கும். முந்தின நாள் சந்தேகம் வந்தா என்ன ஆகும்னா, யாருக்கும் மனசு வராது, "இந்த ஒரு மீட் மட்டும் ஓடட்டும்"னு விட்டுடுவோம்.

ஈசிஜி கட்டாயம் எடுக்கணுமா?

இதுல உலகமே ரெண்டா பிரிஞ்சு நிக்குது, அதனால கொஞ்சம் விரிவா சொல்றேன்.

இத்தாலியில 1982ல இருந்து போட்டியில கலந்துக்கிற எல்லாருக்கும் சட்டப்படி செக்கப் உண்டு, அதுல ஈசிஜி கட்டாயம், அதுக்குன்னே இருக்கிற ஸ்போர்ட்ஸ் மெடிசின் டாக்டர்தான் சர்டிபிகேட் குடுக்கணும். வெனெட்டோ ங்கிற பகுதியில இதோட பலனைக் கணக்கெடுத்து 2006ல வெளியிட்டாங்க: 1979-80ல வருஷத்துக்கு ஒரு லட்சம் வீரர்கள்ல 3.6 பேர் திடீர் இதயச் சாவுல போனது, 2003-04ல 0.4 ஆ குறைஞ்சிருந்தது, அதாவது 89 சதவீதம் குறைவு. பார்த்த 42,386 பேர்ல 2 சதவீதம் பேரை விளையாட வேணாம்னு நிறுத்துனாங்க.

இதைப் பார்த்தா உடனே எல்லா இடத்துலயும் ஈசிஜின்னு தோணும். ஆனா இஸ்ரேல் 1997ல இதே மாதிரி சட்டம் போட்டது, 2011ல அதோட கணக்கு வந்தப்போ, சட்டத்துக்கு முன்னாடி ஒரு லட்சத்துக்கு 2.54, பின்னாடி 2.66, ஒரு மாற்றமும் இல்ல. அவங்க என்ன சொன்னாங்கன்னா, இத்தாலிக்காரங்க ஒப்பிட்ட அந்த முதல் ரெண்டு வருஷமே தற்செயலா சாவு அதிகமா இருந்த வருஷமா இருக்கலாம், சாவோட எண்ணிக்கை எப்பவுமே ஏறி இறங்கிக்கிட்டுதான் இருக்கும்னு. அமெரிக்காவுல எல்லாருக்கும் ஈசிஜி வேணாம், கேள்வியும் கைப்பரிசோதனையும் போதும்னு வெச்சிருக்காங்க, காரணம் தப்பா அலாரம் அடிக்கிறது அதிகம், ஈசிஜியை வீரர்களுக்கு ஏத்த மாதிரி படிக்கத் தெரிஞ்ச டாக்டருங்க எல்லா ஊர்லயும் இல்ல.

என் கருத்தைக் கேட்டா, மாவட்ட அளவுக்கு மேல ஆடுற, தினமும் ரெண்டு வேளை பயிற்சி எடுக்கிற பிள்ளைக்கு ஒரு ஈசிஜி எடுத்துடுங்க. அரசு ஆஸ்பத்திரியில காசே இல்ல, தனியார்ல சில நூறு ரூபாதான். ஹைப்பர்ட்ரோஃபிக் கார்டியோமயோபதி இருக்கிறவங்கள்ல பத்துல ஒன்பது பேருக்கு மேல ஈசிஜியில ஏதாவது ஒரு மாற்றம் தெரியும், வெறும் கேள்வியால அந்த அளவுக்குப் பிடிக்க முடியாது. ஆனா ஸ்கூல்ல சும்மா விளையாடுற எல்லா பிள்ளைக்கும் கட்டாயம்னு சொல்ற அளவுக்கு நான் போக மாட்டேன். ஈசிஜி எடுத்துட்டோம்ங்கிற தைரியத்துல குடும்பக் கதையைக் கேட்காம விட்டுடுவோமோங்கிறதுதான் என் பயம்.

ஈசிஜியில "அப்நார்மல்"னு மெஷினே பிரிண்ட் பண்ணி குடுத்துடுச்சு. கை கால் ஓடல!

பதறாதீங்க. மெஷின்ல இருக்கிற புரோகிராம் சாதாரண ஆளை மனசுல வெச்சு எழுதினது. வருஷக்கணக்கா பயிற்சி எடுக்கிறவங்க இதயம் கொஞ்சம் பெரிசாகும், ஒரு துடிப்புக்கே நிறைய ரத்தத்தைத் தள்ளும், அதனால ஓய்வுல நாடி 40, 45ன்னு இருக்கும். மெஷின் அதைப் பார்த்து பிராடிகார்டியா, அதாவது நாடி மெதுவா ஓடுதுன்னு எழுதும். எஸ்டி, டி, க்யூடி, டெல்டான்னு வர்றதெல்லாம் ஈசிஜி கோட்டுல ஒவ்வொரு பகுதிக்கு டாக்டருங்க வெச்ச பேரு, லீடுன்னா இதயத்தை ஒவ்வொரு பக்கத்துல இருந்து பார்க்கிற கோடு. கோடுகள் உயரமா வர்றதும், எஸ்டி பகுதி கொஞ்சம் தூக்கியிருக்கிறதும் வீரர்களுக்கு சகஜம். 16 வயசுக்குக் கீழ இருக்கிற பசங்களுக்கு முன்பக்க லீடுகள்ல டி அலை தலைகீழா இருக்கிறதும் பெரும்பாலும் வயசுக்குரியதுதான்.

பயப்பட வேண்டியது எதுன்னா, பக்கவாட்டு லீடுகள்ல டி அலை தலைகீழா வர்றது, எஸ்டி பகுதி கீழ இறங்குறது, டெல்டா அலை, க்யூடி அளவு பையனுக்கு 470 மில்லிசெகண்டையும் பொண்ணுக்கு 480ஐயும் தொடுறது, இந்த மாதிரி. வீரர்களோட ஈசிஜியை எப்படிப் படிக்கணும்னு 2017ல சர்வதேச அளவுல ஒரு வழிமுறை வெளியிட்டிருக்காங்க, டாக்டர் கிட்ட போனதும் முதல் வார்த்தையா "இவன் அத்லெட், தினமும் இத்தனை மணி நேரம் பயிற்சி"ன்னு சொல்லிடுங்க, அதை வெச்சுதான் அவர் அந்தக் கண்ணோட படிப்பார்.

எதுக்கு சுத்தி வளைச்சுக்கிட்டு, எல்லாருக்கும் எக்கோ எடுத்துட்டா என்ன?

எக்கோன்னா இதயத்தை ஸ்கேன் எடுத்துப் பார்க்கிறது. ஈசிஜியிலயோ ஸ்டெத்லயோ குடும்பக் கதையிலயோ சந்தேகம் வந்தா அது அவசியம். சந்தேகமே இல்லாத எல்லாருக்கும் எடுத்தா செலவு ஏறும், நடுவாந்தரமான அளவுல இதயத் தசை ஒரு 13, 14 மில்லிமீட்டர் தடிமன்னு வந்து இது பயிற்சியாலயா நோயாலயான்னு யாராலயும் சொல்ல முடியாம குடும்பமே தூக்கம் கெட்டு நிக்கும். அதோட எக்கோவுல லாங் க்யூடி மாதிரி மின்சாரக் கோளாறு தெரியவே தெரியாது.

செக்கப் எல்லாம் நார்மல். இனிமே பயமில்லதானே?

இல்லன்னு சொல்ல எனக்கும் ஆசைதான். இங்கிலாந்து ஃபுட்பால் சங்கம் 1996ல இருந்து 2016 வரைக்கும் 16, 17 வயசு பசங்க 11,168 பேரை ஈசிஜி, எக்கோ ரெண்டும் எடுத்துப் பார்த்தது. 42 பேருக்கு உயிருக்கு ஆபத்தான கோளாறு கண்டுபிடிச்சாங்க, அது பெரிய விஷயம். ஆனா பிற்பாடு இதய நோயால திடீர்னு இறந்தது 8 பேர், அதுல 6 பேருக்கு ஸ்கிரீனிங்ல எல்லாமே நார்மல்னு வந்திருந்தது, செக்கப்புக்கும் சாவுக்கும் நடுவுல சராசரியா 6.8 வருஷம் இடைவெளி. தசை நோய் சிலருக்கு 20 வயசு தாண்டித்தான் வெளிய தெரியும், அதனால ஒரு தடவை பார்த்துட்டு வாழ்நாளுக்கும் போதும்னு விடக்கூடாது.

இன்னும் ஒண்ணு இருக்கு, எந்த செக்கப்புலயும் மாட்டாதது. கிரிக்கெட் பந்தோ, ஹாக்கி பந்தோ, எதிராளியோட முழங்கையோ நெஞ்சுல இதயத்துக்கு நேரா, துடிப்போட ஒரு குறிப்பிட்ட மில்லிசெகண்ட்ல அடிச்சா நல்ல இதயமே நின்னுடும், கொமோஷியோ கார்டிஸ்னு பேரு.

அதனால செக்கப்போட மறுபாதி மைதானத்துல இருக்கணும். 2012 மார்ச் 17, லண்டன்ல போல்டன் வீரர் ஃபேப்ரிஸ் முவாம்பா மேட்ச் நடுவுல விழுந்தார், முன்னாடி ஸ்கிரீனிங் எல்லாம் முடிச்சவர்தான், 78 நிமிஷம் அவர் இதயம் தானா துடிக்கல. டீம் டாக்டருங்க உடனே சிபிஆர், அதாவது நெஞ்சை அழுத்தி ரத்தத்தை ஓட வைக்கிறதை, ஆரம்பிச்சாங்க, பார்வையாளரா வந்திருந்த ஒரு இதய டாக்டர் கேலரியில இருந்து ஓடி வந்தார், ஷாக் மேல ஷாக் குடுத்தாங்க, பிழைச்சுட்டார். நம்ம நாட்டுல 2004 டிசம்பர் 5, பெங்களூர்ல ஃபெடரேஷன் கோப்பை ஃபைனல், டெம்போ டீமோட பிரேசில் வீரர் கிறிஸ்டியானோ ஜூனியர் கோல் போட்ட கையோட கோல்கீப்பரோட மோதி விழுந்தார், காப்பாத்த முடியல.

இதயம் நின்னதுக்கப்புறம் ஷாக் குடுக்கத் தாமதமாகுற ஒவ்வொரு நிமிஷத்துக்கும், யாரும் சிபிஆர் பண்ணலன்னா, பிழைக்கிற வாய்ப்பு 7ல இருந்து 10 சதவீதம் குறையுது. இங்க நான் கெஞ்சிக் கேட்கிறது ஒண்ணு. விழுந்த பையன் கை கால் லேசா உதறும், வாய் மீன் மாதிரி திறந்து திறந்து மூடும், அதைப் பார்த்து ஃபிட்ஸ்னு நினைச்சு நம்ம ஆளுங்க கையில சாவிக்கொத்தைத் திணிப்பாங்க, மூஞ்சியில தண்ணி அடிப்பாங்க, சுத்தி நின்னு விசிறுவாங்க, பொன்னான நாலு நிமிஷம் அதுலயே போயிடும். மேட்ச் நடுவுல யாரும் தொடாமலே விழுந்து, தட்டிக் கூப்பிட்டா பதில் இல்ல, மூச்சு சீரா இல்லன்னா அது இதயம்னே எடுத்துக்கங்க. ஒருத்தர் 108க்குப் போன் போடட்டும், ஒருத்தர் நெஞ்சு நடுவுல ரெண்டு கையையும் வெச்சு அஞ்சு சென்டிமீட்டருக்குக் குறையாம, நிமிஷத்துக்கு 100ல இருந்து 120 தடவை அழுத்தட்டும், ஒருத்தர் ஏஇடி, அதாவது இதயத்துக்கு ஷாக் குடுக்கிற பெட்டி, அதை எடுத்துட்டு வர ஓடட்டும். ஏஇடி பெட்டியைத் திறந்தா அதுவே குரல்ல சொல்லிக் குடுக்கும், தேவையில்லாத ஆளுக்கு ஷாக் குடுக்கவும் குடுக்காது. மீட் நடத்துறவங்க ஷாமியானாவுக்கும் மைக் செட்டுக்கும் செலவு பண்றாங்க, ஒரு ஏஇடி வாடகைக்கோ பக்கத்து ஆஸ்பத்திரி கிட்ட கேட்டோ வாங்கி வெக்கலாம்.

பொண்ணுங்களுக்குத் தனியா ஏதாவது பார்க்கணுமா?

கண்டிப்பா, அதுவும் முதல்ல ஹீமோகுளோபின். 2019-21 தேசிய குடும்பநல ஆய்வுல 15ல இருந்து 19 வயசு பொண்ணுங்கள்ல 59 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. 800 மீட்டர்ல கடைசி 200ல கால் கனக்குதுன்னு சொல்ற பொண்ணை "ஸ்டாமினா இல்ல, இன்னும் ரெண்டு ரவுண்ட் ஓடு"ன்னு விரட்டுறதுக்கு முன்னாடி ரத்தம் பாருங்க. ஆக்சிஜனைத் தூக்கிட்டுப் போறதே ஹீமோகுளோபின்தான், அது 9 இருந்தா எந்தப் பயிற்சியும் ஏறாது, இரும்புச்சத்து மாத்திரை எடுத்து சில மாசத்துல டைமிங் இறங்குறதைக் கண்ணால பார்ப்பீங்க.

அடுத்தது மாதவிடாய். டிஸ்டன்ஸ் ஓடுற பொண்ணுக்கு மூணு மாசமா பீரியட்ஸ் வரலன்னா "அது ஒரு தொல்லை இல்லாம இருக்கு"ன்னு அவளும் விட்டுடுவா, கோச்சும் கேட்க மாட்டார். உடம்புக்குச் செலவாகுற அளவுக்குச் சாப்பாடு உள்ள போகலங்கறதுக்கு அது எச்சரிக்கை, எலும்பு பலவீனமாகி முழங்காலுக்குக் கீழ முன்பக்கம் இருக்கிற எலும்புல மயிரிழை விரிசல் வரும். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014ல இதை ரெட்-எஸ் னு பேர் வெச்சு எச்சரிச்சது, பையன்களுக்கும் இது வரும்னும் சேர்த்தே சொன்னது. இந்தக் கேள்விகளை ஒரு பெண் டாக்டரோ நர்ஸோ அம்மாவோ தனியா வெச்சு கேட்கணும், வரிசையில நிக்க வெச்சு கேட்கிற விஷயம் இல்ல.

நீலகிரி பக்கம் பசங்களுக்கு சிக்கிள் செல் டெஸ்ட் எடுக்கச் சொல்றாங்களே, அது எதுக்கு?

இந்தியாவுல சிக்கிள் செல்லை முதல்ல கண்டுபிடிச்சதே 1952ல நீலகிரி பழங்குடி மக்கள் கிட்டதான். ரத்தச் சிவப்பணு அரிவாள் மாதிரி வளையுற பரம்பரைக் கோளாறு இது. அப்பா, அம்மா ரெண்டு பக்கமும் அந்த ஜீன் வந்தா நோய், ஒரு பக்கம் மட்டும் வந்தா டிரெயிட், அவங்க சாதாரணமா ஆரோக்கியமாதான் இருப்பாங்க. ஆனா கடும் வெயில்ல, தண்ணி குடிக்காம, நிப்பாட்டாம ஸ்பிரிண்ட் மேல ஸ்பிரிண்ட் ஓட விட்டா டிரெயிட் இருக்கிறவங்களுக்கும் தசை சிதைஞ்சு உயிருக்கு ஆபத்தாகலாம். அமெரிக்க கல்லூரி விளையாட்டுல இதனால சாவு நடந்து, 2010ல இருந்து முதல் பிரிவு வீரர்களுக்கு இந்த நிலை தெரிஞ்சிருக்கணும்னு விதி போட்டாங்க. டிரெயிட் இருக்குன்னு யாரையும் டீமை விட்டு எடுக்கத் தேவையே இல்ல, நடுவுல ஓய்வு குடுங்க, தண்ணி குடுங்க, "கால் பிடிக்குது"ன்னு சொன்னா நடிக்கிறான்னு நினைக்காம உட்கார வைங்க.

போன வாரம் காய்ச்சல், இப்ப சரியாயிடுச்சு. ஞாயித்துக்கிழமை மேட்ச் ஆடலாமா?

காய்ச்சல் இருக்கும்போது ஆடவே கூடாது. வைரஸ் காய்ச்சல், டெங்கு உட்பட, சில நேரம் இதயத் தசையையே வீங்க வைக்கும். காய்ச்சல் விட்ட பிறகும் நெஞ்சு வலி, படபடப்பு, படி ஏறுனாலே மூச்சு வாங்குறதுன்னு இருந்தா டாக்டரைப் பார்க்காம மைதானத்துப் பக்கமே போகாதீங்க. அது மயோகார்டைட்டிஸ்னு உறுதியானா மாசக்கணக்குல ஓய்வு, பொதுவா மூணுல இருந்து ஆறு மாசம்.

எனக்கு 42 வயசு, புதுசா மாரத்தான் ஆசை வந்திருக்கு. எனக்கும் இதே செக்கப்தானா?

இல்ல, உங்களுக்குத் தேட வேண்டிய எதிரி வேற. 35 தாண்டிட்டா பிறவிக் கோளாறை விட ரத்தக்குழாய் அடைப்புதான் முக்கியக் காரணம். பிரஷர், சர்க்கரை, கொலஸ்ட்ரால், சிகரெட், அப்பாவுக்கோ அண்ணனுக்கோ சின்ன வயசுல அட்டாக், இதையெல்லாம் கணக்குப் போட்டு தேவைன்னா டாக்டர் டிரெட்மில் டெஸ்ட் எடுப்பார். பங்களாதேஷ் கிரிக்கெட்டர் தமீம் இக்பாலுக்கு 2025 மார்ச் 24 டாக்கா லீக் மேட்ச்ல ஹார்ட் அட்டாக் வந்து ஸ்டென்ட் வெச்சாங்க, வயசு 36தான், வாழ்நாள் முழுக்க விளையாட்டுலயே இருந்தவர். தெற்காசியாவுல நமக்கெல்லாம் அடைப்பு சீக்கிரமே வருது. ஓடும்போது தாடை, தோள், மேல் வயிறு இங்க வர்ற வலியை கேஸ்னு சொல்லி ஓமவாட்டர் குடிச்சுட்டு ஓடாதீங்க.

ஜீன் டெஸ்ட் பண்ணிக்கலாமா?

குடும்பத்துல ஒருத்தருக்கு பரம்பரை இதய நோய் உறுதியாகியிருந்தா மட்டும், டாக்டர் சொன்னா. மதுரை காமராசர் பல்கலைக்கழகமும் ஹைதராபாத்ல இருக்கிற சிசிஎம்பி ங்கிற உயிரியல் ஆய்வு மையமும் சம்பந்தப்பட்ட ஒரு பெரிய ஆய்வு 2009ல வந்தது, எம்ஒய்பிபிசி3 ங்கிற ஜீன்ல 25 எழுத்து விடுபட்டிருக்கிறது இந்தியத் துணைக்கண்டத்து மக்கள்ல ஏறக்குறைய 4 சதவீதம் பேருக்கு இருக்கு, அது பிற்காலத்துல இதயம் பலவீனமாகுற ஆபத்தைக் கூட்டுதுன்னு. அந்த மாற்றம் இருந்தும் நல்லா இருக்கிறவங்க கோடிக்கணக்குல உண்டு, அதனால சும்மா எடுத்துப் பார்த்துட்டு பிள்ளையை வீட்டுல உட்கார வெச்சுடாதீங்க.

யோ-யோ டெஸ்ட், டோப் டெஸ்ட், மணிக்கட்டு எக்ஸ்ரே எல்லாம் இதுல சேர்த்தியா?

இல்ல. யோ-யோ எவ்வளவு தூரம் தாங்குவான்னு பார்க்கிறது, டோப் ஊக்கமருந்துக்கு, மணிக்கட்டு எக்ஸ்ரே ஜூனியர் கிரிக்கெட்ல எலும்பை வெச்சு வயசு கணக்கு பண்றதுக்கு. மூணுலயும் பாஸானவனுக்கும் இதயக் கோளாறு இருக்கலாம்.

ஏதாவது இருக்குன்னு தெரிஞ்சா விளையாட்டே போச்சா?

இந்தப் பயத்துலதான் பசங்க மயக்கம் வந்ததையே மறைக்கிறாங்க, அதனால இதை அவங்க காதுல விழுற மாதிரி சத்தமா சொல்லுங்க: பெரும்பாலானவங்களுக்கு போகாது. ஆஸ்துமா இருந்தா இன்ஹேலர் வெச்சுக்கிட்டு ஒலிம்பிக்கே போகலாம். ஈசிஜியில டெல்டா அலை தெரியுற டபிள்யூபிடபிள்யூ கோளாறுன்னா இதயத்துல ஒரு கூடுதல் மின்பாதை இருக்கும், கதீட்டர்ங்கிற மெல்லிய குழாய் வழியா அதைச் சுட்டு எடுத்துட்டு திரும்பி வந்து ஆடலாம். வலிப்பு நோய் இருக்கிறவங்க கட்டுப்பாட்டுல இருந்தா நிறைய விளையாட்டு ஆடலாம், நீச்சல்ல மட்டும் எப்பவும் பக்கத்துல ஒருத்தர் கண்காணிக்கணும். ஒரு கண்ணுல மட்டும் பார்வை இருக்கிற பிள்ளைக்கு பாக்ஸிங் வேணாம், ஆனா கண்ணாடி பாதுகாப்போட வேற எத்தனையோ இருக்கு.

டென்மார்க்கோட கிறிஸ்டியன் எரிக்சன் 2021 ஜூன் 12 கோபன்ஹேகன்ல உலகமே பார்த்துக்கிட்டிருக்கும்போது விழுந்தார், மைதானத்துலயே ஷாக் குடுத்து மீட்டாங்க, நெஞ்சுல ஐசிடி, அதாவது துடிப்பு தப்பினா உள்ளயிருந்தே ஷாக் குடுக்கிற கருவி வெச்சாங்க. இத்தாலி விதிப்படி அந்தக் கருவியோட அங்க ஆட முடியாது, இன்டர் மிலான் கான்ட்ராக்ட் முடிஞ்சுது, 2022 ஜனவரியில இங்கிலாந்துல பிரென்ட்ஃபோர்டுக்குப் போய் மறுபடி ஆடினார். ஒரு நாடு கூடாதுன்னுது, இன்னொரு நாடு டாக்டரும் வீரரும் பேசி முடிவு பண்ணட்டும்னுது. ஆனா சில நோய்கள்ல, முக்கியமா ஏஆர்விசியில, ஓட ஓட நோயே வேகமா வளரும், அங்க நிறுத்தித்தான் ஆகணும். அப்படி நிறுத்துற பிள்ளையை ஸ்கோரராவோ, அம்பயராவோ, ஜூனியருக்குச் சொல்லிக் குடுக்கவோ மைதானத்துலயே வெச்சுக்கங்க, ஒரே நாள்ல நண்பர்களையும் இழக்க விடாதீங்க.

ரிசல்ட்டை யார் யாருக்குச் சொல்லலாம்?

பிள்ளைக்கும் பெத்தவங்களுக்கும். கோச்சுக்கு "ஆடலாம், ஆடக்கூடாது, இந்தக் கட்டுப்பாட்டோட ஆடலாம்" அவ்வளவு போதும், பெத்தவங்க சம்மதிச்சா மேல விவரம். டீம் வாட்ஸ்அப் குரூப்ல ரிப்போர்ட்டைப் போடாதீங்க. புதுக்கோட்டை மாவட்டத்து சாந்தி சௌந்தரராஜன் 2006 தோஹா ஆசிய விளையாட்டுல 800 மீட்டர்ல வெள்ளி ஜெயிச்சாங்க, பாலின டெஸ்ட் முடிவு ஊருக்கெல்லாம் செய்தியா வெளிய வந்து, பதக்கமும் போய், அவங்க பட்ட வேதனை நமக்கெல்லாம் தெரியும். அந்த டெஸ்ட் நாம பேசுற செக்கப் இல்ல, ஆனா ஒருத்தரோட உடம்பைப் பத்தின விவரம் தப்பான கைக்குப் போனா என்ன ஆகும்ங்கிறதை தமிழ்நாட்டுக்காரங்க நாம கண்ணால பார்த்திருக்கோம்.

எங்க போறது, எத்தனை தடவை பார்க்கணும்?

மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனை, மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகள்ல பொது மருத்துவம், இதயப் பிரிவு ரெண்டும் இருக்கும், அங்கயே எல்லாத்தையும் முடிச்சுடலாம். சென்னையில போரூர் ஸ்ரீ ராமச்சந்திராவுல விளையாட்டு அறிவியலுக்குன்னே ஒரு மையம் இருக்கு. போகும்போது பழைய ரிப்போர்ட், சாப்பிடுற மாத்திரை, நாட்டு மருந்து, ஜிம்ல வாங்குற பவுடர் டப்பா எல்லாத்தையும் எடுத்துட்டுப் போங்க, பாட்டியையோ பெரியம்மாவையோ முன்னாடியே கேட்டு குடும்பக் கதையை ஒரு தாள்ல எழுதிக்கங்க.

கேள்விகளும் கைப்பரிசோதனையும் வருஷா வருஷம். ஈசிஜி, வளர்ற வயசுல ஒண்ணு ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை, ஏன்னா 14 வயசுல இல்லாதது 18ல தெரியலாம். நடுவுல ஓடும்போது மயக்கம் போட்டாலோ, சொந்தத்துல சின்ன வயசு சாவு நடந்தாலோ அடுத்த வருஷம் வரைக்கும் காத்திருக்காம அந்த வாரமே போயிடுங்க. ஓடி முடிச்சு நின்னதுக்கப்புறம் தலை சுத்துறது நிறைய பேருக்கு வரும், ஓடிக்கிட்டிருக்கும்போதே விழறது அப்படி இல்ல, எந்த நேரத்துல விழுந்தான்னு டாக்டர் கிட்ட தெளிவா சொல்லுங்க, கூட ஓடுன பையனையும் கூட்டிட்டுப் போங்க, பார்த்தது அவன்தான்.